எழுபத்திரண்டில் ஆறு

மே 2

புது நோட்டு. எதை எழுதப்போகிறேன் என்று முதலில் வகுத்துக்கொள்ளாவிட்டால் எனக்கு எழுத வராது. ஆகவே:

1. ஜெபமணியின் காற்றாலைக்கு இந்த வயதில் நான் ஏன் காவல் இருக்கிறேன் என்பது.
2. போல்ட்டுகளில் சென்சார் பொருத்திய விதம், தினசரி அளவு, அன்றைய வெயில், காற்று.
3. சென்சார் வைத்த ஆறு போல்ட்டுகளின் போக்கைக் கொண்டு, எழுபத்திரண்டு போல்ட்டுகளின் நிலையையும் அறியலாம் என்பது.
4. சிநேகிதன் என்பதற்காக எந்தப் பக்கமும் சாயாமல் எழுதுவது.
5. சொந்த விஷயங்களை எழுதாதிருப்பது.

முதலாவதை இன்றே முடித்துவிடுகிறேன். முப்பந்தலில் நிற்கும் அந்தச் சிறிய காற்றாலையை நாங்கள் வேலை பார்த்த கம்பெனிதான் நிறுத்தியது. கம்பெனி மூடியபோது ஜெபமணி கையிலிருந்ததையெல்லாம் போட்டு அதை வாங்கினான். அதன் மின்சாரத்தில்தான் அவனும் அவன் தங்கை ஹெப்சிபாயும் சாப்பிடுகிறார்கள். ஹெப்சிபாய் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். தனியார் பள்ளிக்கூடம், பென்ஷன் கிடையாது.

கோபுரம் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த மூன்று இரும்புக் குழாய்கள். குழாய்கள் சேருமிடத்தில் இரண்டு தடித்த வளையங்களை போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். கீழ் இணைப்பில் எழுபத்திரண்டு போல்ட்டுகள். போன வருடச் சோதனையில் சில நட்டுகள் தளர்ந்திருந்தன. காப்பீட்டைத் தொடரக் காப்பீட்டுக் கம்பெனி நிபந்தனை போட்டது. இந்தக் காற்றுப் பருவம் முழுக்க போல்ட்டுகளின் இறுக்கத்தை அளந்து காட்டவேண்டும். இறுக்கம் நிற்கவில்லையென்றால் கோபுரத்தைப் பிரிக்கவேண்டும். அளப்பவர் வெளியாளாக, படித்தவராக இருக்கவேண்டும். ஜெபமணி என் பெயரைச் சொல்லிவிட்டான்.

நான் சரியான ஆள்தானா என்று எனக்குத் தெரியவில்லை. அவனிடமும் சொன்னேன்.

"சரியான ஆளு வேண்டாம்வே. பயப்படுத ஆளு வேணும். நீருதான்," என்றான்.

மே 5

வடசேரியிலிருந்து பஸ். ஜன்னலோர இடம்.

கோயம்புத்தூரிலிருந்து வந்த இரண்டு பையன்கள் உள்ஏணி வழியாக ஏறி, ஆறு போல்ட்டுகளைக் கழற்றி, வாஷர் இருந்த இடத்தில் சென்சார் வாஷரை வைத்து மறுபடி இறுக்கினார்கள். பார்க்கத் தடித்த மோதிரம்போல இருக்கிறது. பழைய வாஷரைவிடக் கொஞ்சம் அகலம். நட்டு அதை அழுத்தினால் உள்ளே இருக்கும் மெல்லிய தகடு நசுங்கி அதன் மின்தடை மாறும். அடியிலிருக்கும் பெட்டியில் அது டன் கணக்காகத் தெரியும். ஆறும் இருபத்திரண்டு டன்னை ஒட்டிக் காட்டின.

எங்கள் காலத்தில் இது இல்லை. ரெஞ்சு 'டக்' என்று சொன்னால் போல்ட் இறுகிவிட்டது என்று எழுதிக்கொள்வோம். ஆனால் நாம் ரெஞ்சில் கொடுக்கும் பலத்தில் பெரும்பகுதி மரையிலும் நட்டின் அடியிலும் உராய்ந்தே தீர்ந்துபோகும். பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்து இரண்டு வளையங்களையும் சேர்த்துப் பிடிக்கும். எவ்வளவு பிடிக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. இத்தனை வருடம் 'டக்'கை நம்பியே கோபுரங்களின் கீழே நின்றிருக்கிறேன். கீழேதான். நான் ஏறியதில்லை. உயரம் ஆகாது. ஜெபமணி ஏறுவான், நான் கீழிருந்து எண்களைக் கூப்பிட்டுச் சொல்லிக் குறித்துக்கொள்வேன்.

கோபுரத்தின் உட்புறம் வெள்ளிப் பாத்திரம்போல மின்னியது. வருடாவருடம் காற்றுப் பருவம் முடிந்ததும் ஜெபமணியே அலுமினிய பெயின்ட் அடிப்பானாம். முழங்கால் கெட்டபிறகு ஆள் வைத்து அடிக்கிறான். "வெளிய எவனும் பாக்கமாட்டான், உள்ள எதுக்கு?" என்று பையன்களில் ஒருவன் கேட்டான்.

"ஒன் பனியன வெளிய எவனும் பாக்கானாலே? அதுக்காவ கிழிஞ்சதயா போடுத?" என்றான் ஜெபமணி.

மே 9

கேஸ் சிலிண்டர் வந்தது. ஆறும் இருபத்தொன்றே முக்காலுக்கு மேல்.

மே 17

ஆறும் இருபதுக்குக் கீழே. புது இறுக்கம் முதல் சில நாள் கொஞ்சம் தளர்வது இயல்புதான். ஆனால் இவ்வளவா? பெட்டியின் பாட்டரியை மாற்றிப் பார்த்தேன். அதே எண்.

மதியம் ஹெப்சிபாய் சாப்பாடு கொண்டுவந்தாள். அவித்த மரச்சீனிக் கிழங்கு, காந்தாரி மிளகாய்த் துவையல், பயறுத் துவரன். ஜெபமணி தூக்குவாளியை மூன்று முறை திறந்து பார்த்தான்.

"மீன் எங்க?"

"இன்னைக்கு மார்க்கெட்டுல இல்ல."

"போன தடவ இவன் வந்தப்பவும் மார்க்கெட்டுல மீன் இல்ல. கடலுக்கும் இவனுக்கும் ஏதோ ஒப்பந்தம் இருக்கு."

நான் சைவம். அவள் எனக்கு இன்னொரு துண்டு கிழங்கு வைத்தாள்.

மே 26

நல்ல காற்று. ஆறும் பத்தொன்பதில் நிற்கின்றன. எழுத வேறொன்றும் இல்லை.

இந்தக் காற்றாலை முதன்முதலில் சுற்றிய நாள் நினைவுக்கு வந்தது. இதைத் தொழில் சம்பந்தமான குறிப்பாகவே எழுதுகிறேன். அன்று கிரேன்காரர் போய்விட்டார். ஜெபமணி உச்சியில். நான் கீழே பலகையில் காகிதத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். பள்ளிக்கூடம் விட்டு ஹெப்சிபாய் பிளாஸ்கோடு வந்தாள். கணவாய்க் காற்றில் அவள் குடை மேல்நோக்கி விரிந்துகொண்டது. அதைச் சரிசெய்ய இரண்டு பேரும் போராடிக்கொண்டிருந்தபோது மேலே இறக்கை அசைந்தது. நிழல் முதலில் எங்கள் காலடியில் ஓடியது. இரண்டு பேரும் நிழலைத்தான் பார்த்தோம், இறக்கையை அல்ல. குடைக் கம்பியைக் கட்டுக்கம்பி வைத்துக் கட்டிக் கொடுத்தேன். மேலேயிருந்து ஜெபமணி, "யாராவது மேல பாருங்கடே!" என்று கத்திக்கொண்டிருந்தான்.

அன்று காற்றின் வேகம் எவ்வளவு என்று நான் குறித்துவைக்கவில்லை. என் வேலைக் காலத்தில் அப்படி விட்டுப்போனது அந்த ஒரு நாள்தான் என்று நினைக்கிறேன்.

ஜூன் 3

பதினேழரை. காற்றாலை ஓடும்போது அடியில் காதை வைத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

ஜூன் 6

மூன்று போல்ட்டுகள் பதினாறுக்குக் கீழே. பதினாறுதான் எல்லை. நேற்றே இறங்கிவிட்டது. ஒரு நாள் பொறுத்துச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். நாலாவது குறிப்பின்படி இது சாய்வு. இன்று காலை காப்பீட்டுக் கம்பெனியின் பொறியாளர் இசக்கிராஜுக்குப் போன் செய்து சொன்னேன். பிறகு ஜெபமணியிடம் சொன்னேன்.

"அவன்கிட்ட மொதல்ல சொல்லிட்டு என்கிட்ட ரெண்டாவது சொல்லுத," என்றான்.

ஜூன் 8

இசக்கிராஜ் வந்தார். திருநெல்வேலிக்காரர், பொறுமையானவர். ஆறு போல்ட்டுகளையும் மறுபடி இருபத்திரண்டுக்கு இறுக்கச் செய்தார்.

"ஒரு தடவ தளந்தா தளந்துச்சுன்னு விட்டிரலாம் சார். மறுபடியும் தளந்தா, வளையமே வளைஞ்சிட்டுன்னு அர்த்தம். அப்புறம் பிரிச்சிர வேண்டியதுதான். நீங்க என்ன சொல்லுதிய?"

சரிதான் என்றேன். வேறென்ன சொல்ல? அவர் சொன்னது பாடப்புத்தகப்படி சரி. கோபுரத்துக்குக் கீழே ஆடு மேய்க்கிறார்கள். பிள்ளைகள் குறுக்கே நடந்து பள்ளிக்கூடம் போகிறார்கள்.

ஜூன் 12

மூன்று நாளாகச் சாரல். காற்று பேய்போல அடிக்கிறது. ஆனால் இருபத்திரண்டு அசையவில்லை. ஜெபமணி உற்சாகமாக இருந்தான். ஷெட்டில் சாப்பிட உட்கார்ந்தோம்.

"இவ இருக்காள்லா, நம்ம கம்பெனில சாமுவேல் அண்ணன், டிரைவர் அண்ணன், வாட்ச்மேன் அண்ணன், எல்லாவனும் இவளுக்கு அண்ணன். ஒன்ன மட்டும் தாணு சார். ஏம்வே, அப்பமே நீரு கெழவனா இருந்தீரா?"

நானும் சிரித்தேன். அந்த நாளில் எனக்கும் அது பட்டதுண்டு. மரியாதையாக ஒரு தூரத்தில் நிறுத்துகிறாள் என்று புரிந்துகொண்டேன். அந்த மாசியிலேயே எனக்குச் சிவகாமியைப் பேசி முடித்தார்கள். சிவகாமியோடு நான் நன்றாகத்தான் வாழ்ந்தேன். அவள் போய் நாலு வருடம் ஆகிறது. இதை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

ஹெப்சிபாய் தட்டுகளை அடுக்கிக்கொண்டே, "அண்ணன்னு கூப்பிட்டுட்டா பொறவு மாத்த முடியாதுல்லா," என்றாள். குழாயடிக்குப் போய்விட்டாள்.

எதை மாற்ற முடியாது என்று விளங்கவில்லை. பொதுவாகப் பழக்கத்தைச் சொல்லியிருப்பாள்.

ஜூன் 16

வெயில் திரும்பிவிட்டது. இருபது. மகள் புனேயிலிருந்து பேசினாள். "எப்பப்பா வாறீங்க? ரூம் ரெடியா இருக்கு." வேலை முடியட்டும் என்றேன்.

ஜூன் 21

ஆறும் பதினாறுக்குக் கீழே. இசக்கிராஜிடம் சொன்னேன். பிற்பகல் இரண்டு மணிக்கு நிறுத்தச் சொன்னார். ஜெபமணியே பிரேக்கைப் போட்டான். வருடத்திலேயே நல்ல காற்று அடிக்கிற மாதத்தில் சுற்றிலும் எல்லாக் காற்றாலைகளும் ஓட, இது மட்டும் நின்றது.

"ஆறு போல்ட்டுதானவே? மிச்ச அறுவத்தாறும் பிடிச்சிட்டுதான நிக்கி? வேணும்னா அந்தப் பெட்டிய ஒரு மாசம் பாக்காம இருந்திருக்கலாம்லா?"

"ஆறும் ஒரே மாதிரி எறங்கியிருக்கு ஜெபமணி. மத்தது மட்டும் வேற மாதிரியா இருக்கும்?"

"ஒனக்கு என்னைக்காவது ஒண்ணு நிச்சயமா தெரிஞ்சிருக்கா? இது மட்டும் எப்பிடிவே நிச்சயமா தெரியுது?"

பெட்டியை மூடினேன். ஹெப்சிபாய் அவன் தோளைத் தொட்டு, "போதும், வா," என்றாள். என்னைப் பார்க்கவில்லை.

ஜூன் 24

போன் செய்தேன். எடுக்கவில்லை. ரசகதலிப்பழம் ஒரு சீப்பு வாங்கினேன், ஒருவனுக்கு அதிகம்.

ஜூன் 28

ஹெப்சிபாய் போன் செய்தாள். பக்கத்துப் பெரிய கம்பெனி அந்த இடத்தைக் கேட்கிறது. வியாழக்கிழமை ஜெபமணி கையெழுத்துப் போடப்போகிறான். அடுத்த வாரம் கிரேன் வரும். "சொல்லணும்னு தோணிச்சு," என்றாள். அவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்டேன். அவளுக்கு மதுரையில் ஒரு சித்தி மகள் இருக்கிறாளாம். ஜெபமணி மார்த்தாண்டத்தில் சபை நடத்தும் முதியோர் இல்லத்துக்குப் போவதாகச் சொல்கிறானாம். தனித்தனியாக.

ஜூன் 29

நின்றுபோன காற்றாலைக்கு அளவு பார்க்க யாரும் என்னைக் கேட்கவில்லை. காலையில் சட்டையைப் போட்டபிறகுதான் அது தோன்றியது. போட்டதைக் கழற்றுவானேன் என்று போனேன்.

பெட்டியில் பதினாலு என்று இருந்தது. நிறுத்தியபோது பதினைந்தே முக்கால்.

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். நின்ற கோபுரத்தில் போல்ட்டைத் தளர்த்த என்ன இருக்கிறது? இறக்கை சுற்றவில்லை, அதிர்வு இல்லை. பெட்டி மணிக்கொரு தடவை குறித்துவைத்ததையெல்லாம் பழைய நாளிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பேய்க்காற்று அடித்த சாரல் நாட்களில் ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. வெயில் நாட்களில், அதுவும் இரும்பு கொதிக்கிற பிற்பகலில் மட்டும் இறங்கியிருக்கிறது. காற்றுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வெயிலில் இளகுகிற ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது. இரும்பு இந்த வெயிலுக்கு இளகாது.

வெயிலையும் காற்றையும் தினமும் அளவுத் தாளில் நான்தான் எழுதினேன். பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். பார்க்கவில்லை.

ஒருவேளை நான் ஜெபமணிக்குச் சாதகமாகத் தேடுகிறேனோ என்றும் தோன்றியது. இருக்கலாம். ஏறிப் பார்த்தால் தெரியும்.

ஜூலை 1

கோயம்புத்தூர்ப் பையன்கள் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். நாளை வியாழன். ஜெபமணியின் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டினேன். விஷயத்தைச் சொன்னேன். வாசல் நிலையில் சாய்ந்து கேட்டான்.

"எவன் ஏறுவான்? என் முட்டு மூணு படிக்கு மேல ஏறாது."

"நான் ஏறுதேன்."

அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் திரும்பியிருப்பேன் என்று நினைக்கிறேன். உள்ளே போய்த் தன் பழைய பெல்ட்டை எடுத்துவந்து, கொக்கிகளை இழுத்துப் பார்த்து, எனக்குக் கட்டிவிட்டான். வயிற்றில் இரண்டு துளை உள்ளே போகவேண்டியிருந்தது.

"கீழ பாக்காத. அடுத்த கம்பிய மட்டும் பாரு. கொக்கிய மாத்தாம கைய மாத்தாத."

மூன்று பேரும் கோபுரத்துக்குப் போனோம். கீழ் இணைப்பு மூன்று மாடி உயரத்தில் இருக்கலாம். கோபுரத்தின் உள்ளே ஒரு பல்பு. நடுவில் ஓரிடத்தில் என் கால்கள் நின்றுவிட்டன. மேலே போகவும் இல்லை, கீழே வரவும் இல்லை. கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டேன். கீழேயிருந்து ஜெபமணி, "என்னவே, தூங்கிட்டீரா?" என்றான். பிறகு ஹெப்சிபாயின் குரல், வகுப்பில் கேட்டிருக்கக்கூடிய குரல்: "தாணு சார், வலது கை. இப்ப கொக்கி. இப்ப இடது கால்." சொன்னபடி செய்தேன். அடுத்ததையும் சொன்னாள். அதையும் செய்தேன். மேடையில் முட்டி பட்டதும் உட்கார்ந்து அழுதேன். வியர்வை கண்ணில் இறங்கிவிட்டது என்று கீழே சொன்னேன்.

டார்ச் அடித்தேன். ஆறு சென்சார் வாஷர்களின் விளிம்பைச் சுற்றியும் வெள்ளி நிறத்தில் ஒரு உதடு பிதுங்கியிருந்தது. நகத்தால் கிள்ளினேன், வந்தது. பெயின்ட். ஜெபமணி வருடாவருடம் அடித்த பெயின்ட், அடுக்கடுக்காக. பழைய வாஷர் உட்கார்ந்திருந்த வட்டம் மட்டும் சுத்தமான இரும்பு. அதைச் சுற்றி பெயின்ட் கரைபோல உயர்ந்திருக்கிறது. புது வாஷர் அகலம். அது இரும்பில் உட்காரவில்லை. பெயின்ட் கரைமேல் உட்கார்ந்திருக்கிறது. வெயிலில் பெயின்ட் இளகிப் பிதுங்கப் பிதுங்க, இறுக்கம் போயிருக்கிறது. மற்ற அறுபத்தாறு போல்ட்டுகளிலும் பழைய வாஷர், பழைய இடம். அங்கே உதடு எதுவும் இல்லை.

இறங்குவதைப் பற்றி எழுதமாட்டேன்.

ஜூலை 2

ஜெபமணி கையெழுத்துப் போடப் போகவில்லை. இசக்கிராஜ் வந்தார். போல்ட்டின் தலையில் வைத்தால் உள்ளே ஒலி அனுப்பி நீளத்தைச் சொல்லும் கருவி ஒன்றும், இரண்டு ஆட்களும் கூட வந்தார்கள். சென்சார் இல்லாத போல்ட்டை இறுகியபடியே அளந்து, தளர்த்தி, மறுபடி அளந்தார்கள். எவ்வளவு சுருங்குகிறதோ அவ்வளவுதான் அது இழுபட்டிருந்தது. அதிலிருந்து இறுக்கம் தெரியும். ஒவ்வொன்றாக, வளையம் முழுக்கச் செய்தார்கள். மாலையாகிவிட்டது. போன வருடம் தளர்ந்து இறுக்கப்பட்டவை உட்பட எல்லாம் இருபதுக்கு மேல். வளையத்தில் கோணல் இல்லை.

ஷெட்டில் நாலு பேரும் உட்கார்ந்தோம். இசக்கிராஜ், "அப்ப நம்ம என்னன்னு எழுதலாம் சார்? சென்சார் கோளாறுன்னு எழுதிரலாமா? ஒங்களுக்கும் சங்கடம் இல்ல," என்றார்.

நல்ல மனிதர். ஒரு நிமிடம் அந்த வழி எனக்குச் சுகமாகத்தான் இருந்தது. ஆனால் சென்சார் பொய் சொல்லவில்லை. தன் அடியில் இருந்த இறுக்கத்தைச் சரியாகவே சொன்னது. அதை எழுபத்திரண்டுக்கும் சேர்த்துப் பேசவைத்தது நான்.

"சென்சார்ல தப்பு இல்ல. பொருத்துன எடத்துல பெயின்ட சுரண்டல. அது நம்ம தப்பு. ஆறப் பாத்து மிச்சத்தையும் முடிவு பண்ணுனது என் தப்பு. அப்பிடியே எழுதுங்க. எம்பேரப் போட்டு எழுதுங்க," என்றேன்.

ஜெபமணி முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டான்.

"அப்ப என் பெயின்ட்டுதான் கள்ளனா?"

"பெயின்ட்டு நல்ல பெயின்ட்டு," என்றாள் ஹெப்சிபாய். "எடம்தான் சரியில்ல. அதச் சுரண்டணும்னு ஒருத்தருக்கும் தோணல, அவ்வளவுதான்."

ஜூலை 4

ஆறு இடத்திலும் பெயின்ட்டை இரும்பு தெரியச் சுரண்டி, வாஷரை வைத்து இறுக்கினார்கள். பதினொன்றரை மணிக்கு ஜெபமணி பிரேக்கை எடுத்தான். நாங்கள் வெளியே நின்றோம். காற்று நன்றாக இருந்தது. இந்த முறை இறக்கையைப் பார்க்க வேண்டும் என்று அண்ணாந்து நின்றேன். ஹெப்சிபாய் பக்கத்தில் நின்றாள். அவளும் அண்ணாந்திருந்தாளா என்று தெரியவில்லை. நான் திரும்பியபோது அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காற்றின் வேகத்தைக் குறிக்கவில்லை.

ஜூலை 19

இரண்டு வாரம் கடும் வெயில். ஆறும் இருபத்தொன்றரையில் அப்படியே நிற்கின்றன. பருவம் முழுக்க ஓட்டலாம் என்று இசக்கிராஜின் கடிதம் வந்திருக்கிறது. புனேக்கு இப்போதைக்கு வரவில்லை என்று மகளிடம் சொன்னேன். "அங்க தனியா என்னப்பா பண்ணுவீங்க?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ஜெபமணி வீட்டில் சாப்பாடு என்றேன். அவள் கேட்டதற்கு அது பதில் இல்லைதான்.

முதல் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். எழுதிய ஐந்தில் மூன்றாவது தவறு. அளந்தது கொஞ்சம், அதைக்கொண்டு அளக்காத எல்லாவற்றையும் பற்றி முடிவு கட்டிவிட்டேன். அதுவும், போய்ப் பார்க்காமல்.